உயரம் அறிந்து காலை வை

‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்பது தமிழ்ப்பள்ளியில் பழமொழிகளை மனனம் செய்த காலத்திலேயே நம் அனைவருக்கும் பழக்கமானது. ஆறும் குளமும் சூழ வாழ்ந்த நம் முன்னோருக்கு அந்த அறிவுரை போதுமானதாக இருந்தது. இன்றோ, தேர்வு முடிந்த கையோடு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு இமயமலைப் பக்கம் கிளம்பும் மாணவர்களை நம் வளாகங்களில் காண்கிறோம். அவர்களுக்காக அந்தப் பழமொழியில் ஒரு சொல்லை மாற்றிச் சொல்ல வேண்டியுள்ளது. உயரம் அறியாமலும் காலை விடக்கூடாது.

கடந்த எட்டு மாதங்களாக நானும் என் மூன்று நண்பர்களும் அப்படியொரு பயணத்திற்குத் தயாராகி வருகிறோம். எங்களில் இருவர் கிள்ளான்வாசிகள், ஒருவர் பிரிக்பீல்ட்ஸ். நால்வருமே கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். மலையேற்ற நூல்களையும் மருத்துவ வழிகாட்டிகளையும் புரட்டினோம். ஏற்கெனவே சென்று வந்த மூத்த மாணவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். எங்கு பார்த்தாலும் ஓர் உண்மையே திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. கால்களுக்கு வேண்டிய பலத்தை இங்கேயே தேடிக்கொள்ளலாம். உயரத்திற்கு உடல் பழகுவதை மட்டும் இங்கே தேட முடியாது. அதை மலையில்தான், அதுவும் நாள்களைச் செலவழித்துத்தான் பெற முடியும். இக்கட்டுரையின் சாரம் அவ்வளவே. ஆயினும், இதை அறியாத காரணத்தால் இளம் வயதினர் உயிரையே இழந்திருக்கிறார்கள் என்பதால், சற்று விரிவாகவே காண்போம்.

நமக்கு முன் சென்றவர்கள்

மலையேற்றம் நமக்குச் சம்பந்தமில்லாத விளையாட்டு என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒரு தேதியை நினைவூட்டுவது நல்லது. 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், உலகின் மிக உயர்ந்த எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாக மலேசியர்கள் கால் பதித்தனர். எம். மகேந்திரன், என். மோகனதாஸ் ஆகிய அவ்விருவரும் நம் தமிழர்கள். நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த அச்சாதனையை இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் புதிர்ப்போட்டிகளில் ஒரு கேள்வியாக மட்டுமே என் தலைமுறை அறியும். அவர்களைத் தொடர்ந்து டி. ரவிச்சந்திரன் 2006ஆம் ஆண்டிலும் 2007ஆம் ஆண்டிலும் எவரெஸ்டை ஏறினார். இரண்டாம் முறை உறைபனியால் விரல்களை இழந்த பிறகும் அவர் மலைகளை விட்டுவிடவில்லை.

எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8,848 மீட்டர். அதை ஏறச் செல்பவர்கள் ஏறத்தாழ இரண்டு மாதங்களை மலையிலேயே கழிக்கிறார்கள். சுமார் 5,300 மீட்டர் உயரத்திலுள்ள அடிவார முகாமிலிருந்து மேல் முகாமுக்கு ஏறுகிறார்கள், பிறகு இறங்கி வந்து ஓய்வெடுக்கிறார்கள், மறுபடியும் ஏறுகிறார்கள். ஏறிய மலையையே ஏன் பலமுறை ஏற வேண்டும்? உடலை உயரத்திற்குப் பழக்குவதற்காகத்தான். நாடே போற்றும் வீரர்களுக்கே மலை இத்தனை நாள் கேட்கிறது என்றால், இரண்டு வார விடுப்பில் செல்லும் நாம் அவசரப்படலாமா?

விடுமுறைக்கு ஏற்ற மலை எது?

‘இமயமலை’ என்றதும் பலருக்கு நேப்பாளமே நினைவுக்கு வருகிறது. ஆனால், நம் பொதுப் பல்கலைக்கழகங்களின் நீண்ட விடுமுறை பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களை ஒட்டியே வருகிறது. நேப்பாளத்திலோ ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை பருவமழைக் காலம். பாதைகள் சேறாகும், அட்டைகள் பெருகும், மேகம் சிகரங்களை மறைத்துவிடும், மலையடி விமான நிலையங்களில் விமானங்கள் நாள் கணக்கில் நின்றுவிடும். அங்கே நடப்பதற்குச் சிறந்த காலம் அக்டோபர், நவம்பர், பிறகு மார்ச் முதல் மே வரை. அப்போது நாம் விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருப்போம்!

இந்தச் சிக்கலுக்கு விடை லடாக். 2019ஆம் ஆண்டு முதல் இந்தியாவின் ஒன்றியப் பகுதியாக விளங்கும் லடாக், இமயமலைத் தொடருக்கு அப்பால், மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் மழை மேகங்கள் மலைகளில் மோதி அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுவதால், தலைநகரான லேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். நம் கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. ஆகவே ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை லடாக்கில் நடப்பதற்கு உகந்த கோடைக்காலம். நம் விடுமுறையும் அவர்களின் கோடையும் ஒன்றாக அமைவது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு.

மழை மறைவு என்றாலும் ஆபத்தே இல்லை என்று பொருளாகாது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் லே வட்டாரத்தில் நள்ளிரவு வேளையில் பெய்த பெருமழையாலும் சேற்று வெள்ளத்தாலும் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புல் பூண்டற்ற மலைச்சரிவுகள் நீரை உறிஞ்சுவதில்லை. எனவே, எவ்வளவு வறண்டு தெரிந்தாலும் ஓடைப் படுகையில் கூடாரம் அடிக்கக் கூடாது என்பது அங்கே முதல் பாடம்.

உயரம் உடலை என்ன செய்கிறது?

‘மேலே போகப் போக உயிர்வளி குறைந்துவிடும்’ என்று பொதுவாகச் சொல்வோம். அறிவியல் வகுப்பில் படித்ததைச் சற்று நினைவுகூர்வோம். கிள்ளானில் சுவாசித்தாலும் சிகரத்தில் சுவாசித்தாலும் காற்றில் உயிர்வளியின் பங்கு ஏறத்தாழ 21 விழுக்காடுதான். மாறுவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே லேயின் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 5,500 மீட்டரில் அது பாதியாகிவிடும். அதாவது, ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் உயிர்வளி அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது.

நம் உடல் இதைச் சமாளிக்கும் திறன் பெற்றது. முதல் சில மணி நேரத்திலேயே மூச்சு வேகமாகிறது. இதயத் துடிப்பு கூடுகிறது. வேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தின் காரத்தன்மை உயர்கிறது. அதைச் சரிசெய்யச் சிறுநீரகங்களுக்குச் சில நாள்கள் பிடிக்கும். சிவப்பணுக்கள் கூடுவதற்கோ வாரக்கணக்கு ஆகும். இவை எதையும் நாம் விரட்டி வேலை வாங்க முடியாது.

உடல் பழகுவதற்கு முன் நாம் மேலே ஏறிவிட்டால் உயர நோய் வருகிறது. பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் இது தலைகாட்டும். தலைவலி, குமட்டல், பசியின்மை, களைப்பு, தலைச்சுற்றல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். போய்ச் சேர்ந்தவுடன் இவை தெரிவதில்லை. 6 முதல் 12 மணி நேரம் கழித்தே தெரியத் தொடங்கும். இதுதான் பலரை ஏமாற்றுகிறது. விமானத்தை விட்டு இறங்கியதும் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று ஊர் சுற்றுபவர், அன்றிரவு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கவனிக்காவிட்டால் இது இரு கொடிய நிலைகளுக்கு இட்டுச் செல்லும். ஒன்று, மூளை வீக்கம். குழப்பமான பேச்சும் தள்ளாடும் நடையும் அதன் அடையாளங்கள். ஐயம் ஏற்பட்டால் நண்பரை ஒரு நேர்க்கோட்டில், ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல் நுனியைத் தொடும்படி நடக்கச் சொல்லுங்கள். அவரால் நேராக நடக்க முடியவில்லை என்றால் உடனே கீழே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மற்றொன்று, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. ஓய்வாக அமர்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, விடாத இருமல், நுரை கலந்த சளி ஆகியவை அதன் அடையாளங்கள். இவ்விரண்டும் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியவை. இரண்டுக்கும் முதன்மையான சிகிச்சை கீழே இறங்குவதுதான்.

உடற்கட்டு காப்பாற்றுமா?

காப்பாற்றாது என்பதே விடை. இதைத்தான் நம் மாணவர்கள், குறிப்பாக விளையாட்டாளர்கள், நம்ப மறுக்கிறார்கள். நாள்தோறும் 10 கிலோமீட்டர் ஓடுபவருக்கும் உயர நோய் வரும். மாமாக் கடையில் தே தாரிக் குடித்தபடி காற்பந்து பார்ப்பவருக்கும் வரும். சொல்லப்போனால், உடற்பயிற்சி செய்தவருக்கு ஆபத்து சற்று அதிகம் என்றும் வாதிடலாம். அவருடைய கால்கள் வலுவானவை. உடல் பழகுவதற்கு முன்பே அவை அவரை மேலே கொண்டு சேர்த்துவிடும்.

‘இங்கேயே ஏதாவது மலையில் பழகிக்கொள்ளலாமே’ என்று கேட்கத் தோன்றும். தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த தகான் மலையே 2,187 மீட்டர்தான். உயர நோய் தொடங்கும் உயரத்தைக்கூட அது எட்டவில்லை. சபாவில் உள்ள கினபாலு 4,095 மீட்டர் உயரம் கொண்டது. ஆனால், அங்கே 1,866 மீட்டரில் தொடங்கி, ஏறத்தாழ 3,270 மீட்டரில் ஓரிரவு தங்கி, மறுநாள் விடியலில் உச்சியைத் தொட்டு, அன்றே இறங்கிவிடுகிறோம். உடல் பழகத் தொடங்குவதற்குள் பயணமே முடிந்துவிடுகிறது. அப்படியே சிறிது பழகினாலும், கீழே வந்த சில வாரங்களில் அது மறைந்துவிடும். உயரத்தில் தலைவலி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளக் கினபாலு உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

பத்துமலையும் நுவாங் மலையும்

அப்படியென்றால் பயிற்சியே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். களைத்துப்போன கால்தான் இடறும்; இடறிய கால்தான் முறியும். முட்டி வலியோடு நடப்பவரால் தன் உடல் கொடுக்கும் மற்ற அறிகுறிகளைக் கவனிக்கவும் இயலாது. பயிற்சிக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இடத்திற்குப் பஞ்சமில்லை.

தொடக்கத்திற்குப் புக்கிட் காசிங் போதும். பெட்டாலிங் ஜெயாவுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே, மலாயாப் பல்கலைக்கழகத்திற்கு அருகில் இருக்கிறது. வாரத்தில் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம் நடக்கலாம். அடுத்தது நம் பத்துமலை. கே.எல். சென்ட்ரலிலிருந்து கம்யூட்டர் இரயிலில் நேரே போய் இறங்கலாம். 272 படிகள். காலை வேளையில், கூட்டம் சேர்வதற்கு முன், முதுகுப்பையில் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பிக்கொண்டு ஐந்து முறை ஏறி இறங்கிப் பாருங்கள். முதல் மாதம் 5 கிலோ, இரண்டாம் மாதம் 8 கிலோ, பிறகு 10 கிலோ என்று எடையைக் கூட்டலாம். அது வழிபாட்டுத் தலம் என்பதை மறவாமல், பக்தர்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஏறுவது நம் கடமை. ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் செலுத்துங்கள். மலைநடையில் தொடையையும் முட்டியையும் வதைப்பது இறக்கம்தான்.

மூன்றாம் மாதத்திற்குப் பிறகு உலு லங்காட்டில் உள்ள நுவாங் மலை. இதன் உச்சி 1,493 மீட்டர். தொடக்கத்தில் வரும் நீண்ட மண்சாலையை மலையேறிகள் ‘முடிவே இல்லாத சாலை’ என்று செல்லமாக அழைப்பார்கள். ஏறி இறங்க ஒரு முழுப் பகலும் தேவைப்படும். வனத்துறையின் அனுமதி பெற்று, வழி தெரிந்தவரோடு, விடியற்காலையிலேயே தொடங்குங்கள். நுவாங்கில் 10 கிலோ சுமையோடு நடந்து, மறுநாள் காலையில் முனகாமல் வகுப்புக்குச் செல்ல முடிந்தால், லடாக்கிற்கு உங்கள் கால்கள் தயார் என்று கொள்ளலாம்.

நீண்ட நேரம் நிதானமாக நடப்பதில் நமக்கு முன்னனுபவம் இல்லாமல் இல்லை. தைப்பூசத்தின்போது ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர் இரவெல்லாம் நடக்கிறோமே! அந்நடையில் யாருடைய வேகம் குடும்பத்தின் வேகமாகிறது? பால்குடம் சுமக்கும் அம்மாவின் வேகம். கைப்பிடித்து வரும் பாட்டியின் வேகம். இளைஞர்கள் முன்னே ஓடிவிடுவதில்லை. மலைநடையின் மிக முக்கியமான விதியும் இதுவே. குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம்.

நாள்களைக் கணக்கிடுவது எப்படி?

இனி, பயணத்தின் உயிர்நாடியான நாள்கணக்கைப் பார்ப்போம். மருத்துவ வழிகாட்டிகள் கூறும் விதி எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, முந்தைய இரவு உறங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் உறங்கக் கூடாது. மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை, அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்பதைவிட, இரவு எங்கே உறங்குகிறோம் என்பதே கணக்கு.

லேக்குச் செல்லும் வழியிலேயே இவ்விதி உடைந்துவிடுகிறது. டெல்லி கடல் மட்டத்திலிருந்து சுமார் 215 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்திற்குள் விமானம் நம்மை 3,500 மீட்டரில் இறக்கிவிடும். அதற்கு ஈடாக, லேயில் குறைந்தது மூன்று நாள் ஓய்வெடுக்க வேண்டும். முதல் நாள் விடுதியைவிட்டு வெளியே வராமல் இருப்பதே உத்தமம். தரை வழியாகச் செல்ல விரும்புவோர், ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாகச் சென்றால், கார்கிலில் சுமார் 2,700 மீட்டரில் ஓரிரவு உறங்கலாம். உடலுக்கு அது நல்லது. மணாலி வழியோ கடினமானது. அதில் பலர் இரவு தங்கும் சர்ச்சு ஏறத்தாழ 4,290 மீட்டர் உயரத்தில், லேயைவிட மேலே இருக்கிறது! கடல் மட்டத்திலிருந்து வருபவர் முதலிரவைக் கழிக்கக்கூடிய இடமன்று அது.

நாங்கள் தேர்ந்தெடுத்தது மார்க்கா பள்ளத்தாக்கு. கிராம மக்கள் தங்கள் வீடுகளிலேயே உணவும் உறைவிடமும் தருவதால், கூடாரமும் அடுப்பும் சுமக்கும் தேவை குறைகிறது. எங்கள் திட்டம் இதுதான்.

நாள் 1, 2: கோலாலம்பூரிலிருந்து டெல்லி, அங்கிருந்து லே.
நாள் 3, 4, 5: லேயில் ஓய்வும் சிறு நடையும்.
நாள் 6: வண்டியில் சிலிங் வரை; நடந்து ஸ்கியூ, சுமார் 3,400 மீட்டர்.
நாள் 7, 8: மார்க்கா கிராமம், சுமார் 3,750 மீட்டர், இரண்டு இரவுகள்.
நாள் 9: ஹங்கர், சுமார் 4,000 மீட்டர்.
நாள் 10: தாச்சுங்சே, சுமார் 4,250 மீட்டர்.
நாள் 11: நிமாலிங், சுமார் 4,750 மீட்டர்.
நாள் 12: கொங்மாரு கணவாய், சுமார் 5,200 மீட்டர், அன்றே கீழே இறங்கிவிடுதல்.
நாள் 13: லே திரும்புதல்.
நாள் 14, 15, 16: எதற்கும் ஒதுக்கப்படாத நாள்கள்.
நாள் 17, 18: டெல்லி, பிறகு வீடு.

ஹங்கரிலிருந்து ஒரே நாளில் நிமாலிங் சென்றுவிடுவது வழக்கமான திட்டங்களில் சாதாரணம். அது ஏறத்தாழ 750 மீட்டர் தாவல். நடக்கும் தூரம் பெரிதில்லை என்பதால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. நாங்கள் நடுவில் தாச்சுங்சேயில் ஓரிரவைச் சேர்த்தோம்.

கணக்குப் பாருங்கள். 18 நாள் பயணத்தில் உண்மையாக நடப்பது ஆறு நாள்தான். ‘ஆறு நாள் நடக்க எதற்கு 18 நாள்?’ என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். அதிலும் கடைசியில் இருக்கும் மூன்று வெற்று நாள்களைக் கண்டு, அந்தப் பணத்தில் தாஜ்மகால் பார்த்துவிட்டு வரலாமே என்றவர்களும் உண்டு. ஆனால், உயிரைக் காப்பவை அந்த வெற்று நாள்கள்தாம். ஒருவருக்குத் தலைவலி வந்தால், ‘நாளை மறுநாள் விமானம் இருக்கிறதே, எப்படியாவது கணவாயைத் தாண்டிவிடுவோம்’ என்ற எண்ணம்தான் குழுவை மேலே தள்ளுகிறது. கையில் நாள் இருந்தால் அந்த நெருக்கடி எழாது. மேலும், மலையில் எதுவும் நம் கையில் இல்லை. 2025ஆம் ஆண்டு மே மாதம் இந்தியா – பாகிஸ்தான் மோதலின்போது லே உட்பட வட இந்திய விமான நிலையங்கள் பல சில நாள்களுக்கு மூடப்பட்டன. எனவே, புறப்படும் முன் விஸ்மா புத்ராவின் பயண அறிவிப்புகளைப் பார்ப்பதும் அவசியம்.

முதுகுப்பையில் என்ன இருக்க வேண்டும்?

பை நிறைந்ததும் அதன் எடை உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ. காலணியை இரண்டு மாதத்திற்கு முன்பே வாங்கி, நுவாங்கிலும் காசிங்கிலும் அணிந்து பழக்குங்கள். புதுக் காலணியோடு மலைக்குச் செல்வது கொப்புளங்களுக்கு அழைப்பிதழ் கொடுப்பதற்குச் சமம்.

நாம் அனைவரும் விரும்பி அணியும் பருத்திச் சட்டையும் ஜீன்ஸ் காற்சட்டையும் அங்கே பகைவர்கள். வியர்வையில் நனைந்த பருத்தி எளிதில் காயாது. காற்று வீசியதும் உடல் சூட்டைக் குடித்துவிடும். உள்ளே விரைவில் காயும் செயற்கை இழைச் சட்டை, அதன்மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் அங்கி என்று மூன்று அடுக்காக அணிய வேண்டும். ஆகஸ்ட் மாதமானாலும் நிமாலிங்கில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கலாம். நல்ல உறங்குபை விலை அதிகம். வாடகைக்கு எடுக்கலாம், அல்லது மூத்த மாணவர்களிடம் இரவல் வாங்கலாம். நம் கறுத்த மேனிக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக்கதிரின் வலிமை சுமார் பத்து விழுக்காடு கூடுகிறது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெயில் களிம்பு, உதட்டுக் களிம்பு நான்கும் கட்டாயம்.

உணவைப் பொறுத்தவரை லடாக் மக்களின் வறுத்த பார்லி மாவான சாம்பா, நம் சத்துமாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் போன்றது. உயரத்தில் பசி மங்கிவிடும் என்பதால், பழகிய சுவை கைகொடுக்கும். கிள்ளான் லிட்டில் இந்தியாவிலோ பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலோ எள்ளுருண்டையும் பொரிவிளங்காய் உருண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். எடை குறைவு, சக்தி அதிகம், எளிதில் கெடாது. நம் பாட்டிமார்கள் கண்டுபிடித்த மலையேற்ற உணவு என்றால் அது மிகையாகாது.

மற்றொரு முக்கியக் குறிப்பு: செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதியின்றி இந்தியாவிற்குள் கொண்டு செல்வது குற்றம். பாதுகாப்புக்காகத்தானே என்று வாங்கிச் சென்று விமான நிலையத்தில் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

மருத்துவரும் காப்புறுதியும்

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஆஸ்துமா, இதயக் கோளாறு, இரத்தசோகை இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவாக உள்ள பெண்கள் அதை முன்கூட்டியே சரிசெய்துகொள்ளலாம். உடல் உயரத்திற்குப் பழகுவதை விரைவுபடுத்தும் அசெட்டசோலமைடு என்ற மருந்து உண்டு. ஆயினும், சல்ஃபா வகை மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம் என்பதால், மருத்துவரின் ஆலோசனையின்றி நண்பர் கொடுத்தார் என்று விழுங்கக் கூடாது. மருந்து உட்கொள்வதால் 500 மீட்டர் விதியை மீறலாம் என்றும் எண்ணக் கூடாது. மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை மந்தமாக்குபவை; மலையில் இரண்டும் வேண்டாம்.

பயணக் காப்புறுதி வாங்கும்போது சிறிய எழுத்துகளைப் படியுங்கள். பல காப்புறுதிகளில் உயர வரம்பு இருக்கிறது. அந்த வரம்புக்கு மேல் நிகழ்வதற்கு இழப்பீடு கிடைக்காது. 5,200 மீட்டர் வரை செல்பவருக்கு அந்த உயரத்தையும் மீட்புப் பணியையும் உள்ளடக்கிய காப்புறுதியே தேவை.

வீட்டில் எப்படிச் சொல்வது?

உபகரணங்களைச் சேர்ப்பதைவிடக் கடினமானது பெற்றோரின் சம்மதம் என்பதை மறுப்பதற்கில்லை. ‘படிக்க அனுப்பினா மலை ஏறப் போறியா?’ என்பதுதான் எங்கள் நால்வர் வீட்டிலும் எழுந்த முதல் கேள்வி. பொய் சொல்லிச் செல்வதால் ஆபத்து இரட்டிப்பாகும். எங்களுக்கு உதவியது ஒரே ஒரு தாள். எந்த நாள் எந்தக் கிராமம், அதன் உயரம், எந்த நாள்களில் கைப்பேசித் தொடர்பு இருக்காது, எந்தத் தேதிக்குள் அழைப்போம், அந்தத் தேதி தாண்டினால் யாரைத் தொடர்புகொள்வது ஆகியவற்றை எழுதி, நான்கு வீட்டிலும் ஒட்டினோம். லேயில் அரசு மருத்துவமனை இருப்பதையும் குறித்தோம். மூன்று வெற்று நாள்களைப் பார்த்த பிறகுதான் என் அப்பா தலையசைத்தார். ‘நேரத்துக்கு ஓடாம போறீங்க, சரி’ என்றார்.

குழுவாகச் செல்வோர் தங்களுக்குள்ளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். மலையில் வைத்துப் பேசினால் களைப்பும் ஆசையும் குறுக்கிடும். ஆகவே இங்கேயே, நல்ல காற்றைச் சுவாசிக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதிக்கொண்டவை நான்கு.

1. தலைவலியோ குமட்டலோ வந்தவர் அதை மறைக்கக் கூடாது. மற்றவர்கள் கேலி செய்யக் கூடாது.
2. உயரத்தில் வரும் எந்த உடல்நலக் குறைவும், வேறு காரணம் உறுதியாகும்வரை, உயர நோய் என்றே கருதப்படும். அறிகுறி நீங்காமல் யாரும் மேலே ஏறுவதில்லை.
3. அறிகுறி கூடினால் இரவானாலும் மழையானாலும் இறங்குவோம். நோயுற்றவரைத் தனியே அனுப்ப மாட்டோம்.
4. ‘திரும்பலாம்’ என்று ஒருவர் சொன்னாலும் போதும். வாக்கெடுப்பு இல்லை.

முதல் விதிதான் நமக்கு மிகவும் கடினமானது. நம் சமூகத்தில் இளைஞர்கள் ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்வதை இழுக்காகக் கருதுகிறோம். கடன் வாங்கியாவது சேர்த்த பணம், அழைத்து வந்த நண்பர்கள், திரும்பிப் போனால் ஊரில் கேட்கப்போகும் கேள்விகள் எல்லாம் வாயை அடைத்துவிடும். உயர நோயால் மாண்டவர்களில் பலர் தலைவலியோடு மேலும் ஏறியவர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு வாக்கியமும் அதைக் காதுகொடுத்துக் கேட்கும் நண்பர்களும்தான்.

வாசக நண்பர்களே! மலைக்குச் செல்லாதீர்கள் என்று கூற நான் வரவில்லை. கட்டாயம் செல்லுங்கள். எவரெஸ்டில் முதன்முதலில் நின்ற மலேசியர்கள் நம்மவர்கள். அந்தப் பெருமைக்கு நாம் செய்யும் மரியாதை, அவர்களைப்போலவே பொறுமையாக ஏறுவது. பணம் குறைவாக இருந்தால் உறங்குபையை இரவல் வாங்குங்கள். விலை உயர்ந்த அங்கியைத் தவிர்த்துவிடுங்கள். டெல்லியில் மலிவான விடுதியில் தங்குங்கள். நாள்களை மட்டும் குறைக்காதீர்கள். பதறாத காரியம் சிதறாது. பதறாத காலும் அப்படித்தான்.